அமோனியாவுக்கு நான் போட்ட பசை

தலைமை ஏற்றிருக்கும் ஆய்வகத் தலைவி அவர்களே! இத்தனை காலம் என்னைச் சகித்த சக ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளை நம்பி என்னிடம் ஒப்படைத்த தாய்மார்களே! மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்துவிட்ட மதிநுட்பம் மிக்க பெரியோர்களே! இன்று ஓய்வு பெறும் வேதியியல் வாத்தியாரின் பணிவான வணக்கம்!

முன்னே பேசியவர்கள் என்னை மலை என்றார்கள், கடல் என்றார்கள். என் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டதை நானும் பார்த்தேன். உண்மையில் நான் யார்? மாணவர் சூட்டிய பட்டத்தைச் சொல்கிறேன்: 'பசை வாத்தியார்'! மர உருண்டைகளைக் குச்சியால் கோத்து மூலக்கூறு செய்வேன். ஆடாமல், அசையாமல், அணுவளவும் பிசகாமல் பசை போட்டு ஒட்டுவேன். அமோனியாவா? மூன்று ஹைட்ரஜன் அடியில், நைட்ரஜன் உச்சியில். முப்பரிமாணம்! முடிந்தது பாடம்!

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நைட்ரஜனை மேலேயும் வரைந்தாள், கீழேயும் வரைந்தாள். சுழியம் போட்டேன். ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

"சார், குவாண்டம் கணக்குப்படி அது ரெண்டு பக்கமும் இருக்கு சார்."

"கண்ணு தெரியலையா? இதோ என் கையில இருக்கு பாரு. எந்தப் பக்கம் இருக்கு?"

"உங்க கையில இருக்கிறது மரக்கட்டை சார்."

கை தட்டுகிறீர்களா? தட்டுங்கள், தட்டுங்கள், அன்று நான் தட்டியது மேசையை! அந்த இரண்டு மதிப்பெண் குறைந்ததால் அவளுக்குப் பல்கலைக்கழக இடம் போயிற்று. ஓராண்டு சாயத் தொழிற்சாலையில் புட்டி கழுவினாள்.

போன மாதம் நான் எழுதிய வேதியியல் புத்தகத்தின் புதுப் பதிப்புக்காகக் குவாண்டம் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன். ஆமாம் ஐயா, முப்பது ஆண்டு பாடம் நடத்திய பிறகு! காற்றில் குடை மேல்நோக்கி மடங்குவதுபோல் அமோனியா இப்படியும் அப்படியும் புரளுமாம். தனியே விட்டால் மேலா, கீழா என்று கேட்கவே முடியாதாம், இரண்டும் கலந்ததுதான் அதன் நிலையாம். அப்படியானால் நான் நடத்திய மூலக்கூறு வடிவியல் பொய்யா? இல்லை! கோணத்தையும் நீளத்தையும் அது சரியாகத்தான் சொன்னது. அசையாது என்று அடித்துச் சொன்னது யார்? நான்! பசை போட்டது யார்? நான்!

அந்த மாணவி எங்கே? இதோ, தலைமை நாற்காலியில்! அழைப்பிதழில் பெயரைப் பார்த்ததும் காய்ச்சல் என்று படுத்துவிட நினைத்தேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்கே வராதீங்க" என்றாள் மனைவி.

சொல்கிறேன். அம்மா, உங்கள் விடை சரி; நான் திருத்தியது தவறு. வெட்கப்படுகிறேன். சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுங்கள், தலைவி ஏதோ சொல்கிறார்... "அந்த வருஷம் போனது போனதுதான் சார். புத்தகத்துல மாத்திட்டீங்களா?" என்று கேட்கிறார்.

மாற்றிவிட்டேன், அம்மா. நாற்பத்தோராம் பக்கம். என் அமோனியா படத்தை எடுத்துவிட்டு, நீங்கள் வரைந்து நான் சுழியம் போட்ட படத்தையே வைத்திருக்கிறேன். கீழே உங்கள் பெயர்.

பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும் என் நன்றி, என் வணக்கம்!