ஒப்பீட்டுக் குடும்பம்

வெள்ளெலி வளர்ப்பவன் முதலில் பூனையை ஒரு வழி பண்ண வேண்டும். நான் பண்ணவில்லை. 1962இல் என் இருபத்திரண்டு எலிகளையும் ஒரே வாரத்தில் தின்றுவிட்டது. அந்தப் பூனை மட்டும் வராமலிருந்தால், சார், நீங்கள் இன்று என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பெயர் ஞானராஜ். சேலத்தில் விலங்கியல் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றது. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் உதவியாளன். எப்போதும் இரவு ஷிஃப்ட். குழாய்களைக் கழுவ இரண்டு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் பழைய பதிவேடுகளைப் படித்தேன். மார்பில் புற்றுநோய் வந்து இறந்த பெண்கள் சில வீடுகளிலேயே திரும்பத் திரும்ப வந்தார்கள். இது ரத்தத்தில் இறங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். நோயுள்ள வம்சத்தை நோயுள்ள வம்சத்தோடு சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே நோயில்லாத ஜோடி ஒன்றை, அதே தீனி, அதே தண்ணீர் கொடுத்து ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். எலிக்கு இரண்டு வருடம் ஆகும். மனிதருக்கு முப்பது. எனக்குப் பொறுமை உண்டு.

எங்கள் பங்கில் கல்யாணத்துக்கு இருந்த மிக்கேலம்மாளின் தாய் பதிவேட்டில் இருந்தாள். அல்போன்ஸின் தாயும் அத்தையும் இருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நானே நடந்து பேசி முடித்தேன். பாப்பாரப்பட்டியிலிருந்து அவளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை ஒரு மொட்டைக் கடிதம் போட்டு நிறுத்தினேன். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் பங்குச் சாமியார். நான் முன்வரிசையில்தான் இருந்தேன்.

ஒப்பீட்டு ஜோடி நானும் ரோசம்மாவும். என் வம்சம் சுத்தம். அவள் தாய் பாம்பு கடித்து இறந்ததாகச் சொன்னார்கள். பதிவேட்டிலும் பெயரில்லை. கட்டிக்கொண்டேன்.

அல்போன்ஸுக்கு என் பக்கத்து வீட்டையே வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தேன். ஒரே கிணறு. ஒரே மூட்டைக் கேழ்வரகை இரண்டாகப் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் பாதி அவர்களுக்கு. ஊரில் என்னை நடமாடும் அந்தோணியார் என்றார்கள்.

பத்து வருடம் கழித்து மிக்கேலம்மாள் கைக்குழந்தையோடு வந்தாள்.

"அண்ணா, இங்க ஒரு கட்டியாட்டம் இருக்குதுங்க. வலியே இல்லீங்க. இவுரு வேலூருக்குப் போலாங்கறாரு."

"பால் கட்டிதாம்மா. வெந்நீர் ஒத்தடம் குடு."

"அதானுங்க நானும் சொன்னேன். அண்ணன் லேப்புல இருக்கறப்ப வேலூரு எதுக்குங்கறேன்."

அன்றைக்கு பஸ் ஏறியிருந்தால் அறுத்து எடுத்திருப்பார்கள். எலியை யாரும் வேலூருக்கு அனுப்புவதில்லை. பதினான்கு மாதம் அவளிடம் கட்டியின் அளவைக் கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்தேன்: சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை. அடக்கத்தன்று பெட்டியின் ஒரு முனையை நான்தான் தூக்கினேன்.

போன மாதம் ரோசம்மா அதே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்தாவிட்டால் அது ஒப்பீடே இல்லை. பால் கட்டி என்றேன்.

"கடைசிப் புள்ளைக்கு ஏழு வயசாகுதுங்க. எனக்கு எங்கிருந்து பால் கட்டும்?"

மேலாக்கை இழுத்து மூடினாள்.

"மிக்கேலுக்கும் இதத்தான சொன்னீங்க?"

மறுநாள் நான் தூங்கும்போது டிரங்குப் பெட்டிப் பூட்டை உடைத்து நோட்டை எடுத்திருக்கிறாள். அதை உங்களிடம் கொடுத்துவிட்டு வேலூர் பஸ் ஏறிவிட்டாள்.

எழுத்தெல்லாம் என்னுடையதுதான். எதையும் மறுக்கவில்லை. மிக்கேலம்மாளின் இரண்டு பெண்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் கிழிக்காதீர்கள்; அதில் இன்னும் இருபது வருட வேலை பாக்கி.

ஒன்றைத் தனிப் புகாராக எழுதிக்கொள்ளுங்கள். ரோசம்மாவின் தாயைப் பாம்பு கடிக்கவில்லை. அவளுக்கும் இதே நோய்தான் என்று இப்போது விசாரித்தபோது தெரிந்தது. பெங்களூரில் வைத்துப் பார்த்து, மறைத்திருக்கிறார்கள். கல்யாண விஷயத்தில் இப்படி உண்மையை மறைத்தால் ஒரு மனுஷனின் வாழ்க்கையே பாழாகிவிடும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.