ஊசித் துளைகள்

கேமரூனில், எங்கள் யாவுண்டேயில் மழைக்காலம் வந்தால் துணி காயவே இரண்டு நாளாகும். படிகம் வளர்ப்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

உங்கள் தங்கைக்கு உங்கள் அத்தைதான் சூனியம் வைத்தார் என்று அவரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டீர்களாம். அவர் எதுவும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை மகாம்தேயும் நானும் ஆறு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். குரோமியம் ஆக்சலேட் கரைசலில் ஒரு கரிம உப்பைக் கலந்து, குவளை வாயை மெல்லிய தாளால் மூடி, ஊசியால் ஐந்து துளை போடுவோம். தண்ணீர் மெதுவாகப் போனால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துப் படிகமாகும். வேகமாகப் போனால் வெறும் பொடி. படிகத்தை ஐரோப்பாவுக்குக் கொடுத்தனுப்பி எக்ஸ்ரே படம் வந்தால்தான் பட்டம்.

என் உப்பு எதனோடும் சேரவில்லை. "உன்ன மாதிரியே உன் உப்பும் யாரோடயும் ஒட்டாதுண்ணே" என்று சிரிப்பாள். அவளுடையது சேரும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் புதுக் குவளை வைக்கும்போதெல்லாம் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் அவளுடைய தாளில் இன்னும் பதினைந்து துளை போட்டேன். ஊசித் துளையை யார் எண்ணப் போகிறார்கள்? முனைவர் பட்டத்துக்கான மூன்று வருடமும் அவளுக்குப் பொடிதான் கிடைத்தது. கடைசியில் அவளே ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"என் கை ராசியில்லாத கைண்ணே. இனிமே நீயே குத்திக் குடு."

குத்திக் கொடுத்தேன்.

ஜூனோடு அவள் ஆய்வுப் பதிவு முடிந்தது. கடைசி நாளன்று பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "கடுகளவு ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும்ணே" என்று அழுதாள். கைக்குட்டை கொடுத்தேன். அடுத்த வாரம் அவளைச் சனகா ஆற்றிலிருந்து எடுத்தீர்கள். அன்றைக்கு நான்கூட அழுதேன்.

மே கடைசியில் அவள் வைத்த ஒரு குவளையில் மட்டும் ஐந்து துளையோடு நிறுத்தியிருந்தேன். வளர இரண்டு மாதமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் அடியில் ஊதாப் படிகங்கள் கிடந்தன. என் பெயரில் அனுப்பினேன். அவள் நோட்டில் வரைந்து வைத்திருந்த மூலக்கூறுப் பின்னல் அப்படியே எக்ஸ்ரே படத்தில் வந்தது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் மகாம்தே பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் இந்த அளவுக்குக்கூட அவளை நினைத்திருக்க மாட்டார்கள்.