வெறுங்கால் கண்ட ஈரம்

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, விடியுமுன் எழுந்து ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்த தாய்மார்களே, டோர்ட்மண்டிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்த உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!

எட்டு மாதம் பூட்டிக் கிடந்த கோயில் இன்று திறந்திருக்கிறது. இதைக் கட்டியவர் யார்? மன்னரா? மந்திரியா? இல்லை, இந்த ஜெர்மன் ஊர் உழவரும் கல்தச்சரும். கோபுரத்துக்கு வயது எண்ணூறு. சுவரோ ஆள் நீளக் கனம், சன்னலோ கையகலம். பின்னால் வந்தவர்கள் பழைய கூடத்தை இடித்து அகலக் கட்டினார்கள். வட்ட வளைவு போய்க் கூர்வளைவு வந்தது. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஒரே உயரம். அத்தனை பாரமும் பச்சை மணற்கல் தூண்கள் எட்டின் தலையில்!

அங்கேதான் மாதம் ஒருமுறை நமக்குத் தமிழ்ப் பூசை. அதற்கும் வந்தது ஆபத்து. எதனால்? சப்பாத்தால்! நாம் வாசலில் கழற்றிவிட்டுப் போகிறவர்கள். கோயிலைப் பராமரிக்கும் புரூக்மன் ஐயா, அவசர வழி அடைபடுகிறது, இனியும் கழற்றினால் பூசை இல்லை என்று எழுதி ஒட்டினார். யார் சிரிப்பது? மகேந்திரராஜா அண்ணை, உங்களுடையதும் அந்தக் குவியலில்தான் கிடந்தது!

பேசித் தீர்க்க நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்தார்கள். துப்புரவு வேலை செய்யும் டெல்சி அக்காவும் நானும் போனோம். அக்கா அன்றும் வாசலிலேயே கழற்றினார். புரூக்மன் முகம் கறுத்தது. இரண்டாம் தூணருகே அக்கா நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தக் கல்லு ஈரமாக் கிடக்கு. ஆடுது வேற. அவரிட்டைச் சொல்லும்."

"அக்கா, வந்த விசயத்தை முதல்ல கதைப்பம்."

"தூண் விழுந்தால் பிறகு எங்கை பூசை? சொல்லும் எண்டுறன்!"

சொன்னேன். மறுவாரம் கல்தச்சர் வந்து கல்லைக் கிளப்பினார். கீழே மண்ணே இல்லை! மழைநீர்க் குழாய் உடைந்து தூணின் அடியை அரித்திருந்தது. அதைத் திருத்தத்தான் எட்டு மாதம் பூட்டினார்கள்.

சப்பாத்துக் கால்கள் ஆயிரம் நடந்தன, அறியவில்லை. சட்டம் பேசிய கண்கள் பார்த்தன, காணவில்லை. ஒரு வெறுங்கால் கண்டது! எந்தக் கால் இங்கே ஆகாது என்றார்களோ, அந்தக் கால் கண்டது! நான் பெருமைப்படுகிறேன், மறைக்கமாட்டேன்.

தமிழ்ப் பூசை இனித் தொடரும். கோபுரத்தடியில் சப்பாத்து அடுக்கத் தட்டு அடித்துத் தந்தவர் புரூக்மன் ஐயாவேதான். கைதட்டுங்கள், அவருக்கும் கேட்கட்டும்!

புதிய கல்லில் பெயர் பொறிக்கட்டுமா என்று அக்காவைக் கேட்டார்கள்.

"பேர் வேண்டாம் தம்பி. எழுத்து வெட்டினால் காலிலை குத்தும். வழுவழுப்பாத் தேய்ச்சு விடச் சொல்லும், எனக்கு அதுவே காணும்."

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். உள்ளே போய் அந்தக் கல்லில் நின்று பாருங்கள். வணக்கம்!