மாடி அறைக்காரனுக்குத் தனி நாடகம்

எனக்கு இந்தி தெரியாது, ஐயா. டி.வி.யில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த அந்த இந்திச் சிரிப்பு நாடகத்தில் யார் என்ன பேசினாலும் எனக்கு ஒன்றுதான். ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால், ஆள் தெரியாமல் ஒரு கூட்டம் சிரிக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் பெட்டியைப் போடுவேன்.

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் தறி ஓட்டியவர். அவர் போன பிறகு தறிகளை விற்றேன். பகலெல்லாம் தடதடத்த வீடு அப்படியே அடங்கிப்போனது. பிள்ளை குட்டி கிடையாது. கொடைக்கானலில் டவர் வந்த புதிதில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டி.வி. தெருவே கூடத்தில் வந்து உட்காரும். பிறகு வீட்டுக்கு வீடு ஆண்டெனா முளைத்தது. 'சீனியம்மா, இருக்கியா?' என்று கேட்கக்கூட ஆள் வரவில்லை.

சௌந்தரபாண்டியன் மாடி அறைக்குக் குடிவந்தது அப்போதுதான். அரசாங்க ஆபீசில் கிளார்க். அப்பா ரயில்வேயில் இருந்ததால் நாக்பூரில் வளர்ந்தவன். தாய் தகப்பன் இப்போது இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை குடிதண்ணீர் கேட்டு இறங்கி வந்தவன், டி.வி.யைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னப்பா சொல்லுதான்?" என்றேன்.

"பெண்டாட்டி சுட்ட ரொட்டியை நாய்க்குப் போட்டானாம் பெரியம்மா. நாய் தேடி வந்து கடிச்சிட்டுதாம்."

நான் சிரித்தேன். அந்தக் கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்று தெரிந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு என் வீட்டில்தான்.

அந்த நாடகத்திலும் ஒரு மாடி அறைக்காரன் உண்டு. நல்ல சிரிப்புக்காரன். ஒரு வாரம் அவனைக் காணவில்லை.

"அவனுக்குத் தனியா ஒரு நாடகம் குடுத்துட்டாங்க பெரியம்மா. கல்யாணம் முடிச்சு வேற வீட்டுக்குப் போயிட்டான். இனி புதன்கிழமை புதன்கிழமை அது வரும்."

"அப்ப இந்த வீட்டு ஆளுங்க?"

"அவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

அன்று அந்த வீட்டில் யாரும் அவன் பேரைக்கூட எடுக்கவில்லை. மாடிப்படி வெறுமனே கிடந்தது. கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது.

அதே கையோடு தன் சேதியையும் சொன்னான். தாய்மாமன் வாசுதேவநல்லூரில் பெண் பார்த்திருந்தார். பெயர் சுப்புலட்சுமி. அந்த ஊருக்கே மாற்றலும் கேட்டிருந்தான். "நல்லதுதானப்பா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மாடியிலிருந்து இறக்கி, கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தேன். கஞ்சி, மிளகு ரசம், நெற்றிக்குத் தைலம். ஆபீசுக்கும் போகவில்லை, பெண் வீட்டுக்கும் போகவில்லை. சமையலறையில் நின்றால்கூட அவன் இருமுவது கேட்கும். காய்ச்சல் விட்டதும் எழுந்து சட்டையை மாட்டினான். இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

தறிக்கொட்டகையில் எலிக்கு வைக்க வாங்கிய மருந்து மிச்சமிருந்தது. கஞ்சியில் ரொம்பக் கொஞ்சம்தான் கலந்தேன். கூடிப்போனால் ஆளுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அவன் வாந்தி எடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான். டாக்டர் வயிற்றுப் புண் என்றார். அவர் எழுதித் தந்த மாத்திரையையும் நேரம் தவறாமல் கொடுத்தேன். கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

புது நாடகம் தொடங்கியபோது அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. படுத்தபடியே அர்த்தம் சொன்னான். குரல் மெலிந்திருந்ததால் நான் குனிந்து காதைக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையும் எனக்குக் கிடைத்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சுப்புலட்சுமி தகப்பனாரோடு வந்தாள். அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல கார் கொண்டாரோம். பாளையங்கோட்டைல பெரிய ஆஸ்பத்திரில காட்டிருவோம். நீங்க பாத்துக்கிட்ட மாதிரி பெத்த தாய்கூடப் பாக்க மாட்டாவ, அத்தை" என்றாள்.

அவர்கள் போனதும் கஞ்சி காய்ச்சினேன். அன்றைக்கு அளவு பார்க்கவில்லை.

"கசக்கு பெரியம்மா" என்றான்.

"வாய்க் கசப்புதான். குடிச்சிரு ராசா."

நான் சொன்னதற்காக மிச்சம் வைக்காமல் குடித்தான். டம்ளரைத் தரையில் வைக்காமல் என் கையிலேயே தந்தான்.

ராத்திரி நாடகம் நடந்துகொண்டிருந்தது. மாடி அறைக்காரனின் புதுப் பெண்டாட்டி ஏதோ சொன்னாள், கூட்டம் சிரித்தது. "என்னப்பா சொல்லுதா?" என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நாடகம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண் மட்டும் வந்து அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால், இந்நேரம் நான் அவனைக் குணப்படுத்தியிருப்பேன்.