சட்டைக்கு எடுத்த அளவு

இல்லை ஐயா, எடையெல்லாம் அப்புறம்தான். வேட்டைத் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்பார்கள். தன் உடம்புக்குப் பொருந்துமா என்று கேட்பவர் குறைவு. கண்ணை மூடித் தோளுக்கு உயர்த்த வேண்டும். திறந்தால் குறி கண்ணெதிரே நிற்க வேண்டும். அப்படிப் பொருந்திவிட்டால் கையில் துப்பாக்கி இருப்பதே தெரியாது. இந்த லா பாம்பா மாகாணத்தில் பாதிப் பேருக்குத் தோளில் பதியும் பின்கட்டையைச் செதுக்கிக் கொடுத்தவன் நான்.

லௌதாரோ ஜனவரியில் கடைக்கு வந்தான். என் மகள் நெலிடாவின் கணவன். நல்ல பையன், அவளை ஒரு சொல் சொன்னதில்லை. நடுக்கோடை வெயில் கொளுத்தியது, மெல்லிய சட்டையோடு நின்றான். மாத்தே டீயை உறிஞ்சியபடியே, குளிர்காலம் முடிந்ததும் இருவரும் தெற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்காகக் குடிபோவதாகச் சொன்னான்.

"அதுக்குள்ள ஒரு காட்டுப்பன்றியாவது அடிக்கணும் மாமா. இல்லன்னா துப்பாக்கிக்காரர் மருமகன்னு சொன்னா எவன் நம்புவான்?"

மனைவி போனபின் எனக்குப் பேச்சுத்துணை நெலிடா மட்டும்தான். அவளும் போய்விட்டால் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது? இருந்துவிடும்படி கெஞ்சினேன். வருஷத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

அவன் முழங்கை மடிப்பிலிருந்து விசையை இழுக்கும் விரல்வரை அளந்தேன். துல்லியமாகச் செதுக்கினேன். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூடவே பொறந்த மாதிரி இருக்கு மாமா" என்றான். உண்மைதான். சட்டைக்கு அவ்வளவு கச்சிதம்.

ஆனால் பன்றி வேட்டை ஜூலைக் குளிரில். எல்லோரும் ஆட்டுத்தோல் கோட்டு போடுவார்கள். அந்தத் தடிமனுக்குக் கட்டையின் நீளத்தில் ஒரு விரலளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாக உயர்த்தும்போது கக்கத்தில் சிக்கும். குறைக்காமல் விடுவது தொழிலுக்குப் புதியவன் செய்கிற தவறு. நான் புதியவன் அல்ல. கட்டையின் அடியில் துணியைப் பிடித்துக்கொள்ளும் ரப்பரையும் ஒட்டினேன். அடிபட்ட பன்றி புதருக்குள் போனால் பின்னாலேயே போக வேண்டும், அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று சொன்னதும் நான்தான். கோட்டு போட்டுப் பார் என்று மட்டும் சொல்லவில்லை.

பன்றி திரும்பிப் பாய்ந்தபோது அவன் இரண்டுமுறை உயர்த்தப் பார்த்தானாம். கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

அவனைப் புதைத்துவிட்டு வந்ததும் நெலிடா அவன் தம்பியை அழைத்தாள். அதே உடல்வாகு. தம்பி தன் கோட்டோடு அண்ணனின் துப்பாக்கியை உயர்த்தினான். அவள் என்னையே பார்த்தாள்.

"கக்கத்துல மாட்டுதுப்பா. உங்களுக்குத் தெரியாதா இது?"

கடையில் வளர்ந்த பெண். அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

மறைக்க எதுவும் இல்லை ஐயா. அவன் திரும்பி வரக்கூடாது என்றுதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தெற்கே இனி அவளுக்கு யாரும் இல்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. அவளுடைய பழைய அறையைப் பெருக்கி, கணப்பு மூட்டி வைத்திருக்கிறேன். வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா, அப்பாவோடு வீட்டுக்கு வரச் சொல்லி.