தலைவி உள்ள இருக்கா

…தலைவியா? நான் இல்லம்மா! நேத்து சாயங்காலம் வரைக்கும் நான்தான். பத்தொம்போது வருஷமா இந்தச் சங்கத்துக்கு நான்தான். நேத்து அஞ்சே முக்காலுக்கு என்னைத் தூக்கிட்டாங்க. தூக்கினது யாருன்னு கேளு. கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். என் பொண்ணு! நான் பெத்த பொண்ணு, ஷிராஸ்!

உள்ள இருக்கா, அந்தக் கதவுக்குப் பின்னால. தட்டாத, தட்டாத. பதினோரு மணி வரைக்கும் பள்ளிக்கூடங்களுக்கு லெட்டர் எழுதுற நேரமாம். அட்டை தொங்குது பாரு. நேத்து ஜெயிச்சா, இன்னைக்குக் காலைல அட்டை! நான் இத்தனை வருஷத்துல இந்தக் கதவ மூடினதே கிடையாது. ஸ்ஃபாக்ஸ் ஊரே இது வழியா வந்து காப்பி குடிச்சுட்டுப் போயிருக்கு.

உக்காரும்மா. ஐயோ, அதுல இல்ல, அந்த நாற்காலிக்கு மூணு கால்தான் நிஜம். இதுல உக்காரு. இது உன் பொண்ணா? நாலு வயசிருக்குமா? அடடா, மேசைக்கு அடியில போயிட்டா… போகட்டும், இழுக்காத. இந்த ஆபீஸ்லயே நல்ல இடம் அதுதான். என்னது, டேப்பா? இழுக்கட்டும்மா. கர்ர்ருன்னு வருதுல்ல, அது அவளுக்குப் பிடிச்சிருக்கு. என் சாமான் கட்டத்தான் வாங்கினேன். நான் என்ன, நாட்ட விட்டா போறேன்? நாலு ஃபைல், ஒரு டீ கெண்டி.

நீ என்னமோ சொல்ல வந்த… இரு, ஒரு நிமிஷம், இத மட்டும் கேட்டுக்க. ஏன்னா கேக்க ஆளே இல்ல எனக்கு. வீட்டுக்காரர் பெஷீர் இருக்காரே, "யாருக்குய்யா ஓட்டுப் போட்ட?"ன்னு நேத்து ராத்திரி சாப்பாட்டுல கேக்குறேன், ரொட்டிய ஹரிஸ்ஸா மிளகாச் சட்னியில முக்கிக்கிட்டே, "ரகசிய வாக்கெடுப்பு"ன்றார்! இருபத்தாறு வருஷமாப் பொண்டாட்டிகிட்ட ஒரு ரகசியம் வெச்சுக்கத் தெரியாத மனுஷன்!

இந்த இடம் எப்படி வந்ததுன்னு தெரியுமா உனக்கு? ஷிராஸுக்கு அப்ப உன் பொண்ணு வயசு. மழலையர் பள்ளிக்கு அனுப்பினேன். ரெண்டாம் நாளே பைய கழுத்துல மாட்டி வாசல்ல நிறுத்திட்டா அந்த டீச்சரம்மா. "வாய் திறந்து பேசினதும் கூட்டிட்டு வாங்க"ன்னா. ம்ம்? உனக்கும் அதேதானா? தலையாட்டுற பாரு, அதே வசனம்! இவங்களுக்கெல்லாம் எந்த ஊர்லம்மா பயிற்சி குடுக்குறாங்க? அப்புறம் ஒரு டாக்டர். "தாய் பாசம் பத்தல, நீங்க பிள்ளைகிட்டப் பேசுறதே இல்ல போல"ன்னார். என்னைப் பாத்து! நான் பேசுறதில்லன்னு! தூக்கத்துல கூடப் பேசுறவம்மா நான். பக்கத்து வீட்டுக்காரங்க சுவரத் தட்டுவாங்க.

அப்ப நாலு அம்மாங்க சேந்தோம். நான், ஸக்கியா, இன்னும் ரெண்டு பேரு. நகராட்சிப் படிக்கட்டுல போய் உக்காந்தோம். ஒரு ரூம் குடு, எங்க பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர் குடுன்னு. முதல் நாள் யாரும் திரும்பிப் பாக்கல. ரெண்டாம் நாள் கேஸ் அடுப்பக் கொண்டு போயிட்டேன். பாதாம் மிதக்க டீ போட்டோம். மூணாம் நாள் ப்ரிக் பொரிச்சோம், முட்டைய உடைச்சு ஊத்தி. வாசனை மாடி வரைக்கும் போச்சு. ஆபீஸ்காரங்க ஒவ்வொருத்தரா எறங்கி வந்து சாப்பிட்டுட்டு எங்க மனுவையும் வாங்கிட்டுப் போனாங்க. அஞ்சாம் நாள் இந்த ரூம் கிடைச்சுது. உடைஞ்ச தெருவிளக்கெல்லாம் போட்டு வெச்சிருந்த கொட்டடி. நாங்களே வெள்ளையடிச்சோம். ஷிராஸ் ஒரு சுவத்துல கை எட்டுற வரைக்கும் அடிச்சா, ஒரு துளி கீழ சிந்தாம. நான் அடிச்ச சுவருதான் அது, பாரு, அந்த அலங்கோலம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், தேர்தல். தேர்தல் இல்ல, விழா! எல்லாம் அந்த விழாவுல ஆரம்பிச்சுது.

ஒவ்வொரு ஏப்ரலும் விழா வைப்பேன் நான். ஆட்டிசம் பத்தி ஊருக்குத் தெரியணும்ல? சும்மா சொல்லக் கூடாது, கல்யாணம் தோத்துடும். நானூறு பலூன். பெரிய மேளம், ஸுக்ரா நாயனம். ஒரு கோமாளி, அவன் கையில ஒரு ஊதல். எங்க பொருளாளர் லுத்ஃபி… சுங்க இலாகாவுல இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு மைக்னா உயிரு. கப்பலையெல்லாம் கத்தியே நிறுத்தினவரு மாதிரி கத்துவாரு. அதிகாரிங்க வருவாங்க, பேசுவாங்க, போட்டோ எடுப்பாங்க. பிள்ளைங்க? பிள்ளைங்களும் இருந்தாங்கம்மா. அங்கங்க. கார்ல கொஞ்சம் பேரு. திரைக்குப் பின்னால கொஞ்சம் பேரு. காதப் பொத்திக்கிட்டு சுவத்தப் பாத்துக்கிட்டு கொஞ்சம் பேரு.

சிரிக்காத! இப்ப சொல்லும்போது எனக்கே கேக்குது. அப்ப கேக்கலையே. மேளம் அடிக்குதுல்ல, எப்படிக் கேக்கும்?

இந்த வருஷம் கவர்னர் ஆபீஸ்ல இருந்து ஒரு பெரிய மனுஷர் வந்தாரு. பேச ஆரம்பிச்சாரு. பேசுறாரு, பேசுறாரு… என்னையே மிஞ்சிட்டாருன்னா பாத்துக்க. "நம் குழந்தைகளின் குரலாக நாம் ஒலிக்க வேண்டும்"ன்னு கைய உயர்த்துறாரு, பொட்டுன்னு சத்தம் நின்னுபோச்சு. மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல, நாயனமும் பயந்துபோய் நின்னுருச்சு. அவரு வாய் மட்டும் அசையுது, மீன் மாதிரி. திரும்பிப் பாத்தா, ஷிராஸ் நிக்குறா. கையில ப்ளக்கு. அப்படியே தூக்கிப் பிடிச்சிருக்கா, செத்த எலிய வால்ல பிடிச்சு எடுத்துட்டு வர்ற மாதிரி.

எனக்கு பூமி பிளக்காதான்னு ஆயிடுச்சு. "ஷிராஸ், சொருகுடி!"ன்னேன். "மாட்டேன். நாப்பத்தியொரு நிமிஷம் ஆச்சு"ன்னா. அப்ப என்ன ஆச்சு தெரியுமா? திரைக்குப் பின்னால இருந்து ஒருத்தி வந்தா. கார்க் கதவு ஒண்ணு திறந்துச்சு. அந்த ஸக்கியா மகன் இருக்கானே, அவனுக்கும் வயசு இருபதுக்கு மேல, பத்து வருஷமா மேடைப் பக்கமே வராதவன், நடு மைதானத்துல வந்து உக்காந்துட்டான். ஒவ்வொருத்தரா வந்தாங்கம்மா… நத்தை மழைக்கு வெளிய வர்ற மாதிரி. முதல் தடவையா விழாவுல பிள்ளைங்க இருந்தாங்க.

லுத்ஃபி மட்டும் தாண்டிக் குதிச்சாரு. "மானம் போச்சு மப்ரூக்கா! உன் பொண்ணு மன்னிப்புக் கேக்கணும்!" இவ அமைதியா, "மன்னிப்புக் கேக்க மாட்டேன். தேர்தல்ல நிக்கிறேன்"ன்னா.

நான் சிரிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். எப்படிடி நிப்பன்னு கேட்டேன். பைல இருந்து சங்கத்து விதிப் புத்தகத்த எடுத்தா. பதினாலாம் விதி. "பதினெட்டு வயசு முடிஞ்ச ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு ஓட்டு உண்டு, எந்தப் பதவிக்கும் நிக்கலாம்." அந்த விதிய எழுதின மகராசி யாருன்னு நினைக்கிற?

நான்தான்! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த லுத்ஃபி, "இதுங்களுக்கு எதுக்கு ஓட்டு, என்ன தெரியும்?"ன்னார். வந்துச்சு பாரு எனக்கு ஆத்திரம். மேசையத் தட்டி, அங்கேயே அப்பவே எழுதி, எல்லாரையும் கை தூக்க வெச்சேன். ரேடியோவுல கூப்பிட்டுப் பேச வெச்சாங்க. என்னமாப் பேசினேன் தெரியுமா! ஆனா நான் யார நினைச்சேன்? யாராவது வந்து ஓட்டுப் போடுவாங்க, அழகா எனக்குப் போடுவாங்கன்னு நினைச்சேன். எனக்கு எதிரா நிக்கச் சொல்லியா எழுதினேன்?

இரு, பாப்பா டேப்ப கால்ல சுத்திக்கிட்டா… சரி, சந்தோஷமா இருக்கா, விடு.

நேத்து பொதுக்குழு. முதல்ல நான் பேசினேன். ஒரு மணி நேரம், சுருக்கமா. படிக்கட்டு, ப்ரிக், தெருவிளக்கு, எல்லாம். நாலு பேரு கண்ணத் துடைச்சாங்க, ஒருத்தரு தூங்கினாரு. அடுத்து இவ. ஒரே ஒரு தாளு. யார் மூஞ்சியும் பாக்கல, தாளப் பாத்துப் படிச்சா. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"என் பேரு ஷிராஸ். இருபத்து மூணு வயசு. எங்க அம்மா பேசலைன்னா நான் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டேன். அது உண்மை. எனக்கு பலூன் பிடிக்கும்னு அம்மா ரேடியோவுல சொன்னாங்க. அது உண்மை இல்ல. பலூன் எப்ப வெடிக்கும்னு தெரியாது. அதனால பயம். ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு மூணு நாள் முன்னாடி இருந்து எனக்குத் தூக்கம் வராது. நான் சொன்னேன். அம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க."

…

ம். அவ்வளவுதான். திட்டக் கூட இல்லம்மா. பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னா. "அம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க."

அப்புறம், விழா வேண்டாம், அந்தச் செலவுல வகுப்புல பிள்ளைங்க பக்கத்துல உக்கார ஆளுங்கள வைக்கலாம், பேச வராத பிள்ளைங்களுக்குப் படத்தக் காட்டிச் சொல்ற பலகை வாங்கலாம், அது இதுன்னு படிச்சுட்டு, "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. ரெண்டே நிமிஷம்! யாரும் கை தட்டல. கை தட்டாதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டாளே. எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கி விரல ஆட்டினாங்க. இத்தனை பேரு, சத்தமே இல்லாம… ஆலிவ் தோப்புல காத்தடிச்ச மாதிரி இருந்துச்சும்மா. எனக்கு வயித்தெரிச்சல். பெருமை. ரெண்டும் ஒண்ணா. நெஞ்சுக்குள்ள ரெண்டு பூனை அடிச்சுக்குது.

ஓட்டு எண்ணினாங்க. முப்பத்தொண்ணு, முப்பது. ஒரே ஒரு ஓட்டு! லுத்ஃபி மூணு தடவ எண்ணினாரு. அப்புறம் என் காதுல வந்து, "மப்ரூக்கா, நம்ம பக்கத்துல ஒரு துரோகி இருக்கான். நான் கண்டுபிடிக்காம விட மாட்டேன்"னு பல்லக் கடிக்கிறாரு. நானும் கத்தினேன், "யாருடா அந்தத் துரோகி!"ன்னு. நல்லாத்தான் கத்தினேன். ஸக்கியா கூடத் தண்ணி கொண்டு வந்து குடுத்தா.

நீ வெளிய சொல்ல மாட்டியே? மூஞ்சியப் பாத்தா சொல்ற ஆளு மாதிரி இல்ல. கிட்ட வா.

ஓட்டுப் போடுற மறைப்புக்குள்ள போனேனா. பேனாவ எடுத்தேன். என் பேரத்தான் எழுதப் போனேன், சத்தியமா. மப்ரூக்கான்னு முதல் எழுத்து கூட வந்துடுச்சு. அப்ப ஒரு ஞாபகம். ஒவ்வொரு விழாவுலயும் இவ மேடைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா. யாராவது கேட்டா நான் சொல்லுவேன், "அவ உலகத்துல அவ சந்தோஷமா இருக்கா"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். ஒரு தடவ கூடக் குனிஞ்சு பாக்கலம்மா. குனிஞ்சா மூஞ்சி தெரிஞ்சிருக்குமே.

எழுதின எழுத்த அடிச்சேன். ஷிராஸ்னு எழுதினேன். துரோகி நான்தான்! லுத்ஃபிக்குத் தெரிஞ்சா மாரடைப்பே வந்துடும்.

ஆனா இவ்வளவு திமிரு ஆகாதும்மா. ஜெயிச்ச உடனே முதல் உத்தரவு… ஐயோ, மணி பதினொண்ணா? கதவு திறக்குதே. வாடி, வா. இவங்க உன்னத்தான் பாக்க… என்ன? ஏன் கடிகாரத்தக் காட்டுற? எங்களுக்குள்ள சும்மா ரெண்டு வார்த்தை…

இல்லம்மா, உன்னை இல்ல, என்னைத்தான் சொல்றா. உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நான் சாமான் கட்ட மட்டும் வரல. எனக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கா. நேத்தே எழுதிக் கையெழுத்து போட்டு. இந்தா, நீயே படி: "புதுசா வர்ற அம்மாக்கள் பேசுவாங்க. மப்ரூக்கா கேட்டுக்கணும். முதல் அரை மணி நேரம் மப்ரூக்கா பேசக் கூடாது."

நீ எத்தனை மணிக்கு வந்த? பத்தே காலா! … முதல் நாள். முதல் ஆளு. ஐயோ, ஐயோ!

ஏம்மா, நீ சிரிக்கிறியா அழுறியா? ரெண்டுமா? செய்யி, செய்யி. ஷிராஸ், நீ போ, நான் பாத்துக்குறேன்… போக மாட்டியா? சரி, நில்லு, நின்னு காவல் இரு. என்னது? ம் கொட்டலாமா? ம் கொட்ட மட்டும் அனுமதி உண்டாம்.

இதோ, நோட்டு எடுத்துட்டேன். வாய மூடிட்டேன். மொதல்லேருந்து சொல்லும்மா.

…

ம்.

…

ம்.