நாற்காலி டாக்டர் குடித்த கடைசி மருந்து

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே. மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே. கீழே நாற்காலி கிடைத்தவர்களே. எதுவும் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நாற்காலியைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாம் இழந்திருக்கும் வலி நிவாரண மருத்துவரை அவருடைய பட்டங்களைச் சொல்லி யாரும் தேடி வந்ததில்லை. நாற்காலி டாக்டர். வாசலில் இருக்கும் காவலருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும்.

நான் இங்கே மருந்தாளுநர். அவரோடு தினமும் சண்டை போட்டவன். வலி மருந்து வைக்கும் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அதனால் எங்கள் சண்டை எதுவும் நீடிக்க வழியே இல்லை. என்னை அவர் பெட்டிக்கடை என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பெட்டிக்கடை, தொறக்கலாமா? இல்ல இன்னும் கோவமா?"

"கோவம்தான் மேடம். தொறங்க."

இப்படித்தான் எங்கள் காலைகள்.

அழுது பேசும் எண்ணம் எனக்கு இல்லை. அவருக்குப் பிடிக்காது. அதோடு, இன்று எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த அரங்கத்துக்கு வெளியே ஒரு பேச்சு நடக்கிறது. உள்ளேயும் நடக்கிறது, மெதுவான குரலில். நானே லிஃப்டில் கேட்டேன்.

"அந்த அம்மாவையே அந்த வலி மருந்துதான் கொண்டுபோச்சாம்."

"அப்படியா? யாரு குடுத்தாங்களாம்?"

"யாரு குடுப்பாங்க? வீட்டுக்காரர்தான்."

அந்த வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். கண்ணாடிக்கடை சார். உங்களில் பாதிப் பேருடைய மூக்கில் இருப்பது அவர் செய்து தந்த கண்ணாடி. நேற்று என் ஜன்னலுக்கு வந்தார். மீதி மருந்துப் புட்டியைத் திருப்பித் தந்தார். போகும்போது கேட்டார்: "தம்பி, நான் குடுத்ததுதானே கடைசி?" பதிலுக்கு நிற்கவில்லை.

இதை மேடையில் சொல்லலாமா என்று காலையில் அவரிடம் கேட்டேன். "எல்லாரும் பேசறதுதானே, நீங்களும் பேசுங்க" என்றார். அந்த அனுமதியில்தான் பேசுகிறேன்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். இந்த அரங்கத்துக்கு நேர் மேலே, வலி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வெல்டர் படுத்திருக்கிறார். முதுகெலும்பில் நோய். டாக்டர் இறந்த செய்தி வந்ததிலிருந்து மருந்து குடிக்க மறுக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். காலையில் அவர் மனைவி கெஞ்சியதைக் கேட்டேன்.

"ஏங்க, ஒரு வாய் குடிங்களேன். எனக்காக."

"குடிக்கிறேன். அந்தம்மாவுக்குக் குடுத்த மனுஷன் வரட்டும். அவர் கையால அளந்து குடுக்கட்டும். அப்ப குடிக்கிறேன்."

ஆகவே இது இரங்கல் உரை மட்டும் இல்லை. மேலே ஒருவர் வலியில் இருக்கிறார். கீழே ஒருவர் வேறொரு வலியில் இருக்கிறார். இரண்டுக்கும் டாக்டரிடம் பதில் இருந்தது. அவர் சொன்ன முறையிலேயே அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

வலி எப்படி வருகிறது? அடிபட்ட இடத்திலிருந்து ஒரு செய்தி கிளம்புகிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சொல்கிறது. தண்டுவடம். பிறகு மூளை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் நாம் 'அம்மா' என்கிறோம். வழியில், நரம்புச் செல்களின் மேல், சின்னச் சின்ன இருக்கைகள் இருக்கின்றன. பாடநூல் ஏற்பி என்கிறது. டாக்டர் நாற்காலி என்றார்.

மற்ற மருத்துவர்கள் பூட்டு, சாவி என்று சொல்லித் தருவார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பூட்டுன்னா தொறந்தா தொறந்ததுதான். இது அப்படியில்லப்பா. மருந்து வரும், உட்காரும், எந்திரிச்சுப் போயிடும், அடுத்தது வரும். நாற்காலிதான் சரி. அதோட, பூட்டுன்னு சொன்னா உன் அலமாரி ஞாபகம் வருது. எரிச்சலா இருக்கு."

எங்கள் அலமாரியில் இருக்கும் வலி மருந்து, மார்ஃபின், வந்து அதில் உட்கார்கிறது. உட்கார்ந்ததும் செல்லின் சுவரில் சில வாசல்கள் மூடுகின்றன, சில திறக்கின்றன. செல் அமைதியாகிறது. அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் ரசாயனத்தைக் குறைவாக வெளியே விடுகிறது. செய்தி மெலிகிறது. சில சமயம் போய்ச் சேருவதே இல்லை. நோயாளிகளிடம் டாக்டர் இதை நான்கு சொல்லில் முடிப்பார். "புண்ணு போகாது. புலம்பல் போகும்."

வெளியிலிருந்து வரும் மருந்துக்கு நம் உடம்பில் ஏன் நாற்காலி? இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். "உங்க உடம்பே இதே மாதிரி ஒண்ண சொந்தமா செய்யுதுங்க. வீட்டு ஆளு. அவருக்குப் போட்டு வச்ச நாற்காலி இது. பெரிய வலி வந்தா வீட்டு ஆளுங்க பத்த மாட்டாங்க. விருந்தாளியக் கூப்பிடறோம். அவ்வளவுதான். விருந்தாளிக்குப் பயந்து யாராவது கதவச் சாத்துவாங்களா?"

மாற்று மருந்து ஒன்று இருக்கிறது. மார்ஃபின் அளவு மீறினால் கொடுப்பது. அது வந்து மார்ஃபினைத் தள்ளிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எந்த வேலையும் செய்யாது. வேறு யாரையும் உட்கார விடவும் செய்யாது. இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது, "உதாரணம் வேணும்னா நம்ம நிர்வாக மாடிக்கு ஒருதடவ போயிட்டு வாங்க" என்றார். கண்காணிப்பாளர் அவர்கள் அப்போது பின்வரிசையில் இருந்தார்கள். அதற்குச் சிரித்தார்கள். இப்போதும் சிரிக்கிறார்கள். நன்றி.

இன்னொரு மருந்து உண்டு. அது பாதி வேலைதான் செய்யும். ஆனால் லேசில் எழுந்திருக்காது. அதற்கும் அவர் ஓர் உதாரணம் சொன்னார். அந்த உதாரணம் இன்று மேடையில் இருப்பதால் தவிர்க்கிறேன்.

இந்த நாற்காலிப் பேச்சு ஒருமுறை அவரையே கவிழ்த்தது. ஒரு தையல்காரர். எலும்பில் வலி. படுத்தால் கூடும் என்பதால் பகலெல்லாம் ஒரு சாய்வு நாற்காலியில் கழிப்பவர். அவர் மனைவியிடம் டாக்டர் சொல்லி அனுப்பினார்: "நாற்காலி காலியாகறப்ப அடுத்த டோஸ் குடுத்துருங்கம்மா."

மறுநாள் அந்த அம்மா வந்து நின்றார்.

"குடுக்கவே முடியல டாக்டர்."

"ஏன், வாந்தி எடுக்கறாரா?"

"இல்லங்க. எந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

"எதுலேருந்து?"

"நாற்காலியிலேருந்துதான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வலி வலின்னு கத்தறாரு, ஆனா எந்திரிக்க மாட்டேங்கறாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். சிரித்தால் அந்த அம்மாவுக்கு வருத்தமாகும். சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்புறம் அவர் முகம் மாறியது. ஒரு முழுப்பகல் ஒரு மனிதர் மருந்து பக்கத்தில் இருந்தும் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனோம். டாக்டர் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "விடுங்க டாக்டர். நான் கொஞ்சம் எந்திரிச்சிருந்தா கிடைச்சிருக்கும். எம்மேலயும் தப்பு இருக்கு."

அதன் பிறகு நாற்காலியை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார். மருந்துக்குக் கடிகாரம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த நாற்காலிகள் வலி போகும் பாதையில் மட்டும் இல்லை. குடலிலும் உண்டு. அங்கே மார்ஃபின் உட்கார்ந்தால் குடல் சோம்பேறியாகிவிடும். அதனால் அவர் யாரை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். வங்கி வரிசையில் ஒரு பழைய நோயாளி. ஓய்வுபெற்ற நீதிபதி. எங்களுக்கும் அவருக்கும் நடுவே நிறைய ஜனம். டாக்டர் இங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஐயா, காலைல போச்சா?" நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற கம்பீரத்தோடு சொன்னார்: "போச்சும்மா."

மூச்சை நடத்தும் இடத்திலும் அந்த நாற்காலிகள் உண்டு. ஊர் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மருந்துக்குப் பழகாத உடம்பில் அளவு மீறிப் போனால் மூச்சு தளரும். நிற்கவும் கூடும். அதற்காகத்தான் இரண்டு சாவி. அதற்காகத்தான் நான் அவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் கொஞ்சத்தில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றிய மருந்து வேறு. உடம்பு அதற்குப் பழகியிருக்கும். மூச்சு அதைத் தாங்கும்.

இப்போது அந்தக் கடைசி நாள்.

கணையத்தில் தொடங்கிய நோய் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவர்தான் முடிவு செய்தார். பல வாரங்களாக மருந்து குடித்துக்கொண்டிருந்தார். அளவைச் சொன்னது அவர். புட்டியை நிரப்பித் தந்தது நான். அளந்து கொடுத்தது கண்ணாடிக்கடை சார். லென்ஸ் தேய்க்கிற கை. அளவுக் குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, அளவுக் கோட்டைப் பார்ப்பார். அப்புறம் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னொருமுறை பார்ப்பார். கட்டிலில் இருந்து குரல் வரும்: "அது மருந்துங்க, வைரம் இல்ல. குடுங்க."

அன்று மதியம் வார்டு சிஸ்டரும் நானும் அங்கே இருந்தோம். சார் கொடுத்தார். முந்தின வேளை கொடுத்த அதே அளவு. முந்தின நாளும் அதே அளவு. நானும் பார்த்தேன், சிஸ்டரும் பார்த்தார். குடித்த மார்ஃபின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கும். அது யாரையாவது கொல்வதாக இருந்தால், அந்த உச்சத்தை ஒட்டி ஆளை எழுப்ப முடியாது. கண்பாவை ஊசிமுனையாகிவிடும். மூச்சு எண்ணி எண்ணி வரும்.

அந்த உச்சம் தாண்டிய பிறகு அவர் என்ன செய்தார்? தூங்கினாரா? மயங்கினாரா?

திட்டினார். சார் அந்த அளவுக் குப்பியை, கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தத் துணியிலயா? நாளைக்கு அதே துணியில யாரோ ஒருத்தர் கண்ணாடியத் துடைப்பீங்க. அவருக்கு ஊரே பிசுபிசுன்னு தெரியும்." சிஸ்டர் சிரித்து முடிப்பதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பெட்டிக்கடை, வெல்டருக்குக் காலைல போச்சா?" போச்சு மேடம் என்றேன். "நல்லது. அவருக்கு அளவு கொஞ்சம் ஏத்தணும். ராத்திரி முனகறாரு. நாளைக்குப் பேசலாம்."

தெளிவான கண். தெளிவான பேச்சு. சீரான மூச்சு. மாற்று மருந்து கைக்கெட்டும் தூரத்தில் தட்டில் இருந்தது. தொட வேண்டியிருக்கவில்லை. அந்தி சாயும் நேரத்தில் நோய் தன் வேலையை முடித்தது. மருந்து தன் வேலையை அதற்கு வெகுமுன்பே செய்துவிட்டிருந்தது. என்ன வேலை? தன் கணவரைத் திட்டவும், தன் நோயாளியை விசாரிக்கவும் ஒரு பெண்ணுக்கு ஒரு மாலையைக் கொடுத்த வேலை.

சார், நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் நிற்காததால் அப்போது சொல்ல முடியவில்லை. ஆமாம். நீங்கள் கொடுத்ததுதான் கடைசி. அது அவரைக் கொண்டுபோகவில்லை. அந்த மாலை முழுவதும் அவரை நம்மோடு உட்கார வைத்திருந்தது.

சபையோரே, இந்தக் கூட்டத்தின் முடிவில் எல்லோரும் எழுந்து, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது ஏற்பாடு. அச்சடித்த தாள் என் கையிலும் இருக்கிறது. நல்ல வாசகங்கள். ஆனால் வெல்டருக்கு அடுத்த வேளை வந்துவிட்டது. அவர் நம் வாசகங்களைக் கேட்கவில்லை. ஒரு கையைக் கேட்கிறார்.

கண்ணாடிக்கடை சார், என்னோடு மாடிக்கு வருகிறீர்களா?

அவசரம் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

என்ன சார்? மைக்கில் விழவில்லை. அளவு தப்பிவிடுமோ என்கிறீர்களா? தப்பாது. குப்பியை நான் பிடித்துக்கொள்கிறேன். சிஸ்டர் பக்கத்தில் நிற்பார். கோட்டை மட்டும் நீங்கள் பாருங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள்.

எழுந்துவிட்டார். அந்த வரிசையில் கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், அவருக்கு வழி வேண்டும்.

தலைவர் அவர்களே, உறுதிமொழியை நீங்கள் நடத்துங்கள். நாங்கள் இரண்டு பேரும் அதை மேலே போய் எடுத்துக்கொள்கிறோம்.